கேரம் சேனலின் கிசுகிசுப்பு

ஈக்காட்டுத்தாங்கலில் கேரம் ஆட்டத்துக்கென்றே ஒரு டி.வி. சேனல் இருந்தது. முதல் வருடம் சலூன்களிலெல்லாம் அதுதான் ஓடும். நான் ஒலிப்பதிவாளன். அங்கே வர்ணனை சொன்ன ஒல்லி மனிதர், பதிவு செய்த ஆட்டம்தான் என்றாலும், ஆட்டக்காரர் ஸ்டிரைக்கரில் விரல் வைத்ததும் கிசுகிசுப்பார்.

"மேட்ச் போன மாசமே முடிஞ்சிடுச்சு. இன்னாத்துக்குண்ணா கிசுகிசுக்குறீங்க?"

"இருக்கட்டும் நைனா. அவன் கை உதறிடப் போவுது."

அடுத்த வருடம் விளம்பரங்கள் நின்றன. ஒரு மதியம் ஆட்டத்தின் நடுவிலேயே ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வர்ணனை அறையில் மட்டும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியதை அவரிடம் சொல்வதற்காக என் பக்கத்து மைக்கை எடுத்தேன். திரையில் ஆட்டக்காரன் சிவப்புக் காய்க்குக் குறி வைத்துக்கொண்டிருந்தான்; அவர் குரல் தாழ்ந்தது.

மைக்கைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். அவன் கை உதறிவிடக் கூடாதே.