பன்னிரண்டு டிக்

வங்கித் தேர்வுக்காக விருதுநகரில் கோச்சிங் போய்க்கொண்டிருந்த காலம். தாயில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் நேரம் முழுக்க ஒரு நோட்டுதான் துணை. இடப்பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலப்பக்கம் தமிழில் அர்த்தம். "ஒரு வார்த்தைய எங்கயாவது உபயோகிச்சாத்தான் அது உங்களுது" என்று கோச்சிங் சார் சொல்லியிருந்தார். உபயோகித்த வார்த்தைக்கு டிக் அடிப்பேன். எங்கள் தெருவில் அதையெல்லாம் யாரிடம் போய் உபயோகிப்பது? நோட்டில் டிக்கே விழவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா வந்தார். பட்டாசு கம்பெனியில் தட்டில் இருந்த மருந்து குப்பென்று பற்றி, வலது கை வெந்துபோனவர். ஆறு மாதமாக வேலையில்லை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டுக் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க வேண்டும்.

"தமிழ்லயே எழுதிருவமா தம்பி?"

"இங்கிலீஷ்ல எழுதுனாத்தான்க்கா ஆபீஸ்காரக மதிப்பாக."

யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நானாக அளந்துவிட்டேன்.

அக்கா நடந்ததைச் சொல்லச் சொல்ல நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தேன். ஒரு தட்டு மருந்து பற்றியதை 'கான்ஃப்லக்ரேஷன்' என்று எழுதினேன். பெருந்தீ என்று அர்த்தம். ஊரே எரிந்தால் சொல்ல வேண்டிய வார்த்தை. அதிகாரிகளின் கருணையைப் புகழ மட்டும் மூன்று வார்த்தைகள். கை ஒரே ஒரு இடத்தில் வந்தது, உதவித்தொகை கடைசி வரியில். முடித்து எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு டிக். அக்கா தாளை வாங்கிப் பார்த்து "முத்து முத்தா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனு தீயணைப்புத் துறைக்குப் போயிருந்தது. தாங்கள் குறிப்பிடும் பெருந்தீ விபத்து எதுவும் பதிவாகவில்லை, எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். நல்ல தமிழில்.

மறுபடி மனு வாங்கும் ஒரு திங்கட்கிழமை அக்காவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். மேஜையில் இருந்த அலுவலர் அம்மா பழைய நகலை வாங்கிப் படித்தார். இரண்டாவது வரியிலேயே நிமிர்ந்து, "இதை யாரு எழுதினது?" என்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பி, "உங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டார்.

"விரலு மடங்க மாட்டேங்குதும்மா. பிள்ளைக முன்னாடி எடது கையால சோறு திங்கேன்."

அந்த அம்மா அதை அப்படியே தமிழில் எழுதி, போக வேண்டிய பிரிவின் பெயரை மேலே குறித்தார். அவ்வளவுதான் வேலை. முதல் மனு எழுதிய அன்றைக்கு எங்கள் வீட்டிலும் அக்கா இதையேதான் சொன்னார். என் நோட்டில் அதற்கு வார்த்தை இல்லை என்று விட்டுவிட்டேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னார். "வெசனப்படாத தம்பி. நீ எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு. ஆபீஸ்காரகளுக்குத்தான் அம்புட்டு இங்கிலீசு வரலை."

இல்லைக்கா, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. அவர் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுங்கிவிட்டேன்.

உதவித்தொகை கிடைத்துவிட்டது, தாமதமாக. அந்தப் பன்னிரண்டில் இரண்டு வார்த்தைகள் தேர்வில் வந்தன. இரண்டையும் சரியாகப் போட்டேன்.

அந்த இங்கிலீஷ் மனுவின் நகலை அக்கா ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் இடது கையால் உருவி எடுத்து, "எங்க தம்பி எழுதுனது" என்று காட்டுகிறார். அந்த நேரம் நான் வாசலில் நின்றால் சட்டென்று வீட்டுக்குள் போய்விடுகிறேன்.