கயல்விழியின் முதுகும் ஆறு வார மூச்சும்

முப்பது வினாடி. கபடியில் பாடிப் போகிறவருக்கு எதிரணி எல்லைக்குள் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். சேத்தியாத்தோப்பு கயல்விழிக்கு இருபதாவது வினாடியிலேயே கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். இரண்டு வருடமாக இப்படித்தான். வயது இருபத்து நான்கு. பகலில் செல்போன் கடையில் வேலை, மாலையில் மைதானம். போன ஆண்டு மாவட்ட அணித் தேர்வில் பாதியிலேயே வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வாட்டியும் உக்காந்தா உன் எடம் வேற பொண்ணுக்குதாம்மா" என்று பயிற்சியாளர் பொன்னுரங்கம் சொல்லிவிட்டார். தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

சிதம்பரத்தில் பிசியோதெரபிஸ்ட் ஜான்சியிடம் போனார். ஜான்சி முதுகை அமுக்கிப் பார்த்தார். பிறகு மூச்சை இழுக்கச் சொன்னார்.

"எனக்கா? மூச்சு புடிக்கிறதுதாங்க என் வேலையே."

"விடறதுல கெட்டிக்காரிதான். இழுக்கறப்ப கண்ணாடில பாரு, தோளு காதுக்குப் போவுது."

போனது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் மூச்சை இழுப்பதோடு முதுகெலும்பையும் உள்ளிருந்து தாங்குகிறது, அது சோம்பினால் முதுகுத் தசைக்கு இரட்டை வேலை என்றார் ஜான்சி. இழுக்கும் காற்றைக் கொஞ்சம் தடுக்கும் சிறு கருவி ஒன்றை வாயில் வைத்து காலையில் முப்பது மூச்சு, மாலையில் முப்பது. விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். தோள் அசையக் கூடாது. முதுகெலும்பின் இருபுறமும் ரப்பர்போல இழுபடும் நீல டேப் ஒட்டினார்.

கடை முதலாளி சாமிக்கண்ணு முதல் நாளே பார்த்துவிட்டார். "என்னாம்மா, கடையில ஊதல் ஊதிக்கிட்டு?"

"ஊதல மாமா, இழுக்குறேன்."

மூன்றாவது வாரம் வலி குறைந்தது. கயல்விழி அதை டேப்பின் கணக்கில் எழுதினார். இரண்டு பட்டைக்கே இவ்வளவு என்றால் சுற்றிக் கட்டினால்? கடலூரில் தேவனாம்பட்டினம் அணியோடு போட்டி. கணுக்காலுக்கு வைத்திருந்த இழுபடாத வெள்ளை டேப்பை, சக ஆட்டக்காரி இலக்கியாவிடம் கொடுத்து விலாவைச் சுற்றி மூன்று சுற்று இறுக்கச் சொன்னார். முதல் முறை பாடிப் போனபோதே, பத்தாவது வினாடியில் பாட்டு அறுந்தது. நடுவர் விசில் ஊதினார். எதிரணிக்குப் புள்ளி.

"என்னாக்கா, ஒரே வார்த்ததான, அதுவுமா மறந்துடுச்சு?" என்றாள் எதிரணிப் பெண் ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

மறுநாள் ஜான்சி டேப் பதிந்த தடத்தைப் பார்த்தார். "பார்சலா கட்டிக்கிட்ட? அப்பறம் விலா எங்க விரியும்?"

"ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி கேக்கும்னு நெனச்சேன்."

"டேப்பு ஞாபகப்படுத்தும், அவ்ளோதான். வேலய நீதான் செய்யணும்."

அன்று மாலையே, மூச்சிழுக்க இன்னும் கடினமாகும்படி கருவியின் திருகை ஒரு சுற்று கூட்டிக்கொண்டார். அடுத்த மூன்று வாரத்தில் ஒரு வேளைகூட விடவில்லை. காய்ச்சல் அடித்த நாளிலும் அறுபது.

தேர்வில் ஏழு முறை பாடிப் போனார். ஐந்தாவது முறை போகும் முன்பே வலி வந்தது. கோட்டருகே நின்று, தோள் அசையாமல் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுப் போய், ஒருவரைத் தொட்டுத் திரும்பினார். கடைசிவரை உட்காரவில்லை.

பன்னிரண்டு பேர் பட்டியலில் அவர் பெயர் ஒன்பதாவது. பயிற்சி முகாம் திங்கட்கிழமை கடலூரில் தொடங்குகிறது. கடையில் பத்து நாள் லீவு சொல்லியிருக்கிறார்.