அம்முலு மூடி வைத்த மிஷின்

கிழிந்த சேலைத் துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து தண்ணீர்க் குடத்தின்மேல் போர்த்துகிறாள் அம்முலு. அடுத்து அரிசிப் பானை. அப்புறம் டிவிக்குக் காய்ந்த துணி. சாமி படத்துக்குக்கூட ஒரு கைக்குட்டை உண்டு. கேட்டால், “சாமிக்கும் மூக்கு கீதுல்ல?” என்பாள்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், கல்லுடைக்கும் கிரஷரிலிருந்து கட்டடம் கட்டுகிற இடங்களுக்கு ஜல்லியும் எம்-சாண்ட் மணலும் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகள் திரும்புகிற முனையில் அவள் வீடு. ஒரு லாரி போனால் போதும், தெருவே மாவு மில் மாதிரி ஆகிவிடும். “எவனோ எங்கியோ வூடு கட்றான், மண்ணு மட்டும் என் சோத்துல வுயுது” என்று பெருக்கிக்கொண்டே திட்டுவாள். திட்டுவதில் கெட்டிக்காரி.

ஆனால் மகள் கீர்த்தி பேச்சை எடுத்தால் வாய் அடைத்துவிடும். ஆறு வயதுப் பிள்ளை. புழுதி ஒத்துக்கொள்ளாமல் இரவெல்லாம் இளைப்பு. டாக்டர் சொன்னபடி மாகறலில் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். “லாரிய வேற ரோட்ல திருப்பி வுட்டதும் இட்டுனு வந்துடறேன் கண்ணு” என்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்க்காரர்கள் மனுமேல் மனு கொடுத்ததில், இந்த லாரிகளால் ஊர் எவ்வளவு கெடுகிறது என்று ஆராய ஒரு குழு வந்தது. புழுதி அதிகம் என்று தெரிந்தால் லாரிகளை ஊருக்கு வெளியே திருப்பிவிடுவார்களாம். முனைவீடு என்பதால் அம்முலுவின் மாடியில் ஒரு மிஷினை வைத்தார்கள். குழுவில் வந்த ஸ்ரீகாந்த், “காஸ்ட்லி மிஷின்க்கா. நாளைக்கு வந்து எடுத்துக்கறோம், பத்திரமா பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அது காற்றை உறிஞ்சித் தூசியை அளக்கிறது என்று சொல்ல அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. சத்தத்தை வைத்து லாரிகளைக் கணக்கெடுக்கிறது என்று இவளாக நினைத்துக்கொண்டாள்.

பத்திரம் என்றால் அம்முலுவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நல்ல சேலை ஒன்றை ஈரமாக்கிப் பிழிந்து, மிஷினைத் தலையோடு சுற்றிக் கட்டினாள். காயக் காய நனைத்தாள். மறுநாள் அவர்கள் வருமுன் அவிழ்த்து, துடைத்து, புதுசு போல எடுத்துக் கொடுத்தாள். “பாத்தியா தம்பி, ஒரு தூசு கீதா?”

அடப் பாவமே!

ஊர்க் கூட்டத்தில் அதிகாரி முடிவைச் சொன்னார். மிஷினுக்குள் இருந்த தாளில் தூசியே படியவில்லையாம். காற்று நன்றாக இருக்கிறதாம். லாரிகள் இதே வழியில் போகலாமாம். ஊரே கத்தியது. அம்முலு எழுந்து நின்றாள். “நான்தாங்க துணி சுத்தி மூடி வச்சேன். இன்னா மிஷினுன்னு எனக்கு யாரும் சொல்லலீங்க.”

“இன்னாடி பண்ணி வச்ச!” பக்கத்து வீட்டு ராணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“திரும்ப அளக்கணும்னா அடுத்த வருஷம்தாம்மா” என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். அன்று முழுக்க அம்முலு யாரையும் திட்டவில்லை. அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாகறல் போனாள். கூட்டம் முடிந்ததும் கூட்டிப்போவதாகப் போனில் சொல்லியிருந்தாள் அல்லவா, கீர்த்தி இரட்டைச் சடை பின்னி, பையை முதுகில் மாட்டி, ஷூவும் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“இப்ப எனக்கு இளைக்கவே இல்லம்மா. வா, வூட்டுக்குப் போலாம்!”

அம்முலு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மகளின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஷூவின் பட்டையைக் கழற்றத் தொடங்கினாள்.