மூச்சு வாங்கியதைச் சொல்லாதவள்

பெண்களுக்குச் சட்டை தைக்கும் அந்தக் கடையில் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு கூர்மையான வாய். "உங்க இடுப்பு மட்டும் வருஷா வருஷம் பதவி உயர்வு வாங்குதே, எப்படிம்மா?" என்று அளவெடுக்கும்போதே கேட்பாள். முகம் சுண்டிப் போகிறவர்களும் அடுத்த துணியை அவளிடமே கொண்டுவருவார்கள். தையல் அப்படி.

தன் இடது மார்பு பெருத்தபோது அவள் பயப்படவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்த எந்தப் பெண்ணுக்கும் அவள் தைத்ததில்லை. கடைப் பொம்மைக்குத்தான் அப்படி இருக்கும். தன் சட்டைகளின் இடப்பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுக்கொண்டாள். சில மாதம் கழித்து மறுபடியும் விட்டாள். உள்ளே மடித்த துணி தீர்ந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனாள்.

அதற்குள் புற்றுநோய் அக்குளுக்குப் பரவியிருந்தது.

"முன்னாடியெல்லாம் இந்த வகைன்னா நாங்களே பயப்படுவோம்" என்றார் டாக்டரம்மா. "இப்ப இதையே குறிவெச்சு அடிக்கிற ஊசி இருக்கு. கட்டி சுருங்கினதும் ஆபரேஷன். ஆனா சிலருக்கு அந்த ஊசி இதயத்தைப் பலவீனமாக்கும். மூச்சு வாங்கினா உடனே சொல்லணும். ஊசியை நிறுத்தணும்."

நிறுத்தணும் என்ற சொல் மட்டும் அவள் காதில் தங்கியது.

ஊசி வேலை செய்தது. முடி கொட்டியது, நகம் கறுத்தது, கட்டியும் கரைந்தது. குளிக்கும்போது தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வருவாள். பிறகு பாதம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள்.

அதே கடையில் காஜா எடுக்கும் தங்கை அவளோடுதான் இருந்தாள். "டாக்டர்கிட்ட சொல்லிடலாம்க்கா."

"வாயைத் திறந்தே, அதுக்கும் காஜா எடுத்துப் பொத்தான் போட்டு மூடிடுவேன். ஊசியை நிறுத்திட்டா நீயா வந்து என்னைக் காப்பாத்துவே?"

அடுத்த முறை டாக்டரம்மா கேட்டார்: "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"எங்க வீட்டுக்கு ஏது மாடி டாக்டர்? நீங்க ஒண்ணு கட்டிக் கொடுங்க, ஏறிப் பார்த்துச் சொல்றேன்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே கத்தரி தையல் இயந்திரத்தின் மேல் சாய்ந்து விழுந்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவின் குரலில் கோபம் இருந்தது. "கட்டி பட்டாணி அளவுக்கு வந்துடுச்சு. எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனா மயக்க மருந்தை உன் இதயம் தாங்காது. ஊசியும் இனிமே போட முடியாது. ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா, கொஞ்ச நாள் நிறுத்தி, இதயத்துக்கு மாத்திரை கொடுத்து, திரும்பத் தொடங்கியிருப்போம்."

"திரும்பத் தொடங்கலாமா?" என்று கேட்டாள் கத்தரி.

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவள் தங்கை பக்கம் திரும்பினாள். "எல்லாம் தெரிஞ்சும் ஊமைக்கோட்டான் மாதிரி நின்னியே. நீ ஏண்டி சொல்லலை?"

தங்கை மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.