விரதம் இருந்த செடி

ஜன்னலில் காலித் தொட்டி இருந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் போக வேண்டியதுதானே? அதில் என்ன இருந்தது, எப்படிச் செத்தது என்று துருவ உனக்கு வேறு வேலை இல்லையா? சரி, உட்கார். கேட்டுத் தொலை.

பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செடிகொடிகளை அறிமுகம் செய்கிறார்களாம். முதலில் விதை, அப்புறம் பூ, கடைசியில் பூச்சி தின்னும் செடி. எங்களுக்கு எவர் எதை அறிமுகம் செய்தார்? நான் பிறந்த கீழக்குயில்குடியில் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் காசித்தும்பை நிற்கும். முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவளின் காதுக்குள் வெடிக்க வைப்பேன். நான் படித்த தாவரப் பாடம் அவ்வளவுதான். வாத்தியாருக்கும் அதற்கு மேல் தெரியாது. இப்போது அந்தச் சுவரோரம் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள், சுத்தமாக இருக்கிறதாம்.

மகன் போனில் சொல்லி அந்தச் செடியை வரவழைத்தான். உள்ளங்கை அளவு. மூன்று வாய், ஓரமெல்லாம் பல். எங்கள் சம்பந்தியம்மா சிரித்தால் இப்படித்தான் இருக்கும். வந்த நேரம் பார், மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். திருவிழா முடியும்வரை வீட்டில் கவுச்சி ஆகாது.

“இது என்ன திங்கும்?” என்றாள் மருமகள்.

“ஈ, எறும்பு” என்றான் மகன்.

“காப்பு அவுக்குற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள ஒரு உசுரும் இன்னொரு உசுரத் திங்கக் கூடாது.”

“செடிக்கு என்னடி விரதம்?” என்றேன் நான்.

“நேத்து ஆம்லெட்டுக்கும் இப்படித்தான் பேசுனீங்க.”

சோற்றை மூடும் வலைமூடியை எடுத்துச் செடிமேல் கவிழ்த்தாள், ஈ நுழையக் கூடாதே. பசிக்கு, நாம் கறிக்குப் பதிலாகத் தின்போமே மீல் மேக்கர், அதை வேகவைத்துக் கிள்ளி ஊட்டினாள். “புரோட்டீன்தானே” என்று மகன் ஒத்து ஊதினான். நான் மட்டும் என்ன பெரிய அறிவாளி? உப்புப் போட்டாயா என்று கேட்டேன்.

இரண்டு வாய் கறுத்து அழுகின. பேத்தி அழத் தொடங்கினாள். மாசக் கடைசியில் வகுப்பில் எல்லார் முன்னாலும் அது வாயை மூடிக் காட்ட வேண்டுமாம். “செத்துருச்சுன்னா என்னையப் பாத்துச் சிரிப்பாங்க அப்பத்தா.”

தொட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன்.

“எங்க கொண்டு போறீங்க அத்தை?”

“வீட்டுக்குள்ளதான விரதம். இது ரோடு.”

எங்கள் ஒத்தக்கடை ஈக்கு அழைப்பா வைக்க வேண்டும்? வந்து உட்கார்ந்தது. மிச்சமிருந்த வாய் லபக்கென்று மூடியது. பேத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஒரு வாரம் அந்த வாய் திறக்கவே இல்லை. இதுவும் போச்சு என்று பிள்ளை சோறு இறங்காமல் திரிந்தாள். பிறகு திறந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு குட்டி வாயும் முளைத்தது.

செடி பள்ளிக்கூடம் போன அன்று சாயங்காலம் பேத்தி வெறும் தொட்டியோடு வந்தாள்.

“டீச்சர் எல்லாரையும் வரிசையா வந்து விரல விடச் சொன்னாங்க அப்பத்தா. மொதல்ல மூடுச்சு. அப்புறம் மூடல. ஒருத்தன் வேரோட புடிச்சு இழுத்துட்டான்.”

“சிரிச்சாங்களா?”

“இல்ல. கைதட்டுனாங்க.”

காப்புக் காலத்தில் ஈயைத் தின்றது சாமி குத்தம், அதனால்தான் போய்விட்டது என்று மருமகள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் என்னிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள். நான் சொன்னேன்: “எங்க வீட்டுல பட்டினி கெடந்தப்பகூடச் சாகல. ஈயத் தின்னப்ப சாமியும் ஒண்ணும் செய்யல. பள்ளிக்கூடம் போச்சு, ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு.”