மச்சான் சுற்றிய கர்லாக்கட்டை

எழுபதுகளில் நடந்தது இது. அக்கா பிரசவத்தில் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மச்சான் தினமும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், குழந்தையைத் தூக்கி வந்துவிடும் கோபத்தோடு போடியிலிருந்து தேனிக்கு பஸ் ஏறினேன்.

கூடத்தில் கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்தார். "அக்கா போனதும் உடம்ப வளக்குறீகளோ?" என்று எல்லார் முன்பும் கேட்டேன்.

கட்டையை இறக்கி வைத்தார். "படுத்தா எந்திரிக்கவே தோணல மாப்ளே. பிள்ள அழுதாலும் கை அசையல. இங்கன வந்து சுத்துன பெறகுதான் அதத் தூக்கத் தெம்பு வருது" என்றார்.

சின்னக் கட்டை ஒன்றை என்னிடம் கொடுத்தார். தோள் வலிக்கச் சுற்றினேன். அதுவரை அழாத நான் அங்கே அழுதேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

குழந்தையை அவரிடமே விட்டுத் திரும்பினேன். அவர் முடங்கிக் கிடந்திருந்தால் அதைத்தான் அக்கா மேல் வைத்த பாசம் என்று நம்பியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.