காதுக்காரரிடமிருந்து களவுபோன அடி

இறைச்சிச் சந்தையின் ஏழாம் எண் கடைக்காரரைக் கை நீளமானவர் என்று அவருடைய எதிரிகள்கூடச் சொன்னதில்லை. அவருக்குக் காதுதான் நீளம். சந்தையில் அவர் பெயரே ‘காதுக்காரர்’. ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டினாலும் எலும்பைச் சீராக வெட்டிக்கொண்டிருப்பார். ஆனால் ஒருவன் ஒரே சொல்லை வாயில் போட்டுச் சப்பிச் சப்பிப் பேசினால், அவன் காலில் நிற்பது அதிக நேரம் நீடிக்காது. வசவு மானத்தோடு போகிறது, பேச்சுப் பழக்கமோ காதுக்குள் புகுந்து குடித்தனம் நடத்துகிறது என்பது அவர் கட்சி.

இந்தத் தொண்டு ஒன்பது வயதில் தொடங்கியது. எதைச் சொன்னாலும் கடைசியில் “சும்மா சொன்னேன்” என்று சேர்த்த சித்தப்பா மகனின் மண்டையில் ஒரு செங்கல்லைச் சும்மா வைத்தார். ஆறு தையல். பதினெட்டு வயதில், “எங்க காலத்துல” என்று ஆரம்பிக்காமல் வாயே திறக்காத கொத்தனாரைத் தூக்கிச் சிமென்ட் கலவையில் உட்காரவைத்தார். ஆட்கள் வந்து பிடித்து இழுத்தபோது கொத்தனார் மட்டும்தான் வெளியே வந்தார், கால்சட்டை வரவில்லை. தன் கல்யாணத்தன்று “இயல்பா இருங்க, இயல்பா இருங்க” என்று பதினோரு தடவை சொன்ன புகைப்படக்காரருக்குப் பன்னிரண்டாம் தடவையில் மூக்கு உடைந்தது. மாப்பிள்ளை இயல்பாகச் சிரிக்கும் ஒரே படம், அந்தப் புகைப்படக்காரர் மூக்கில் பஞ்சோடு எடுத்ததுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மனைவி மட்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல வாய்த்தாள். “வா”, “ஆச்சு”, “போதும்.” இந்த மூன்று சொல்லில் இருபது வருடக் குடும்பத்தை ஓட்டினாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் காதுக்காரரின் தாடை தளரும், இறுகிய விரல்கள் தாமாக விரியும். அந்த வீட்டில் அவள் இல்லாமல் ஒரு நாள் இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

அவளுக்கு ஒரு தம்பி. எங்கேயும் வேலை நிலைக்காத அவனை, அவள் கணவருடைய கடையில் சேர்த்துவிட்டாள். சேர்த்த அன்று சொன்னாள்: “அவன் பேச்சு எப்படின்னு எனக்குத் தெரியும். உங்களையும் தெரியும். அவன் மேல உங்க விரல் பட்டுச்சுன்னா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன். திரும்ப வரமாட்டேன்.”

கல்யாணமானதிலிருந்து அவள் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். சொல்லை வாரி இறைக்கிறவர்கள் ஒன்றிரண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவளிடம் கையிருப்பே கொஞ்சம். சொன்னால் சொன்னதுதான்.

மச்சினன் நல்ல பிள்ளை. அவனுடைய ஒரே குறை, எதையும் “நான் என்ன சொல்ல வர்றேன்னா” என்று தொடங்குவான். வருவான், வருவான், வந்துகொண்டே இருப்பான், ஊர் போய்ச் சேரமாட்டான்.

“தம்பி, ஈரல் இருக்கா?” என்பாள் வாடிக்கைக்காரி.

“அக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா, இந்த ஈரலைப் பொறுத்தவரைக்கும்…”

“இருக்கா, இல்லையா?”

“அதுக்குத்தாங்க்கா வர்றேன். நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“நீ மெதுவா வா. நான் போய் மீன் வாங்கிட்டு வந்துடறேன்.”

அந்தச் சந்தையில் ஒரு சட்டம் உண்டு. யாரை அடிப்பதானாலும் முதலில் கத்தியைக் கட்டையில் குத்திவிட்டு வெறுங்கையோடு போகவேண்டும். ‘டொக்’ என்று சத்தம் கேட்டால் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மச்சினன் வந்த பிறகு ஏழாம் எண் கடையில் நாளைக்கு முப்பது டொக். ஒவ்வொரு டொக்குக்கும் காதுக்காரர் பின்பக்கக் குளிர் அறைக்குள் போய், தொங்கும் ஆட்டை அடித்துவிட்டு வருவார். விலா எலும்பு நொறுங்கிய கறியை வாங்கிப்போனவர்கள் மறுநாள் வந்து, “என்னய்யா, ஆட்டை வெட்டினியா, இல்ல அடிச்சே கொன்னியா?” என்று கேட்டார்கள்.

இப்படி இரண்டு வருடம். மச்சினனுக்குக் கொடுக்கவேண்டிய அடியை அவர் மனத்தில் போட்டு மெருகேற்றி வைத்திருந்தார். இடது கன்னம், காதுக்கு இரண்டு விரற்கடை கீழே, முழுக்கை வீச்சு. என்றைக்காவது மச்சினன் மரணப் படுக்கையில் கிடக்கும்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்பதுதான் அவருடைய ஒரே எதிர்காலத் திட்டம்.

அந்தத் திட்டத்தில் மண்ணைப் போட்டவன் ஆட்டு வியாபாரி. வாக்கியத்துக்கு வாக்கியம் “புரியுதா?” என்று கேட்டதற்காகக் காதுக்காரரிடம் முன்பல் இரண்டை இழந்தவன். ஒரு காலையில் இரும்புக் கம்பியோடு வந்துவிட்டான். காதுக்காரர் குளிர் அறையில் ஆட்டோடு இருந்தார். கடையில் மச்சினன் மட்டும்.

“எங்கடா உன் மாமன்? வெளிய வரச்சொல்லு. புரியுதா?”

“அண்ணே, நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“மிச்சம் இல்லாம எல்லாப் பல்லையும் உதிர்த்துட்டுத்தான் போவேன். புரியுதா?”

“புரியுதுண்ணே. ஆனா நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“என்னதான்டா சொல்ல வர்ற?”

“அதைத்தாண்ணே. நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

ஆட்டு வியாபாரி கம்பியைக் கீழே போட்டான். சில காரியங்களை வெறுங்கையால் செய்தால்தான் திருப்தி. விழுந்த அறையில் மச்சினனின் தாடை கழன்றது. அவன் தராசையும் இழுத்துக்கொண்டு தரையில் சாய்ந்தான்.

சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த காதுக்காரர் முதலில் பார்த்தது கன்னத்தைத்தான். இடது கன்னம். காதுக்கு இரண்டு விரற்கடை கீழே. ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. முழுக்கை வீச்சு.

அவர் இரண்டு வருடமாக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை, வழியில் போகிறவன் ஒருவன் நொடியில் அனுபவித்துவிட்டான்.

டொக்.

அடுத்து நடந்ததைச் சந்தையில் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆட்டு வியாபாரி கோழிக் கூண்டுகள் வழியாகப் பறந்தான், கூண்டோடு திரும்பி வந்தான், சட்டைக் காலரில் கொக்கி மாட்டித் தொங்கினான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவனும் சும்மா இருக்கவில்லை. கைக்குச் சிக்கிய கம்பியால் காதுக்காரருக்கு இரண்டு விலா எலும்பை உடைத்தான். அதையெல்லாம் அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒவ்வொரு குத்துக்கும், “யாரைக் கேட்டு அடிச்ச? யாரைக் கேட்டுடா அவனை அடிச்ச?” என்று அழுதுகொண்டே கேட்டார். வியாபாரியின் பல்லெல்லாம் போன பிறகும் கேள்வி நிற்கவில்லை.

“மச்சினன் மேல இவ்வளவு பாசமா?” என்று மீன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு மனைவி ஓடிவந்தாள். தாடைக்குக் கட்டுப்போட்டுக் கிடந்த தம்பியைப் பார்த்தாள். பிறகு கணவரின் வீங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்களை என்னவோன்னு நினைச்சுட்டேன். இனிமே அவன் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்.”

அழுதது வயிற்றெரிச்சலில் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார் காதுக்காரர். உடைந்த விலாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு, முனகி வைத்தார்.

ஆறு வாரம் கழித்து மச்சினனின் தாடைக் கட்டு அவிழ்ந்தது. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரிக்க வந்தாள். அப்போதுதான் காதுக்காரருக்கு வீட்டில் நேர்ந்திருக்கும் மாற்றம் உறைத்தது. மனைவி பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“கம்பிக்கு முன்னாடி போய் நின்னாரு. எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா? தன் உசுரைப் பாக்கல. எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா? அழுதுட்டே அடிச்சிருக்காரு, எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா?”

காதுக்காரர் பயந்துபோய்த் தன் வலது கையைப் பார்த்தார். அது மடியில் பூனைபோலச் சுருண்டு கிடந்தது. காதும் வலிக்கவில்லை. அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில், அடுத்தது எப்போது வரும் என்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அக்கா,” என்றான் மச்சினன், புதுத் தாடையை மெல்லத் திறந்து. “நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“குறுக்கப் பேசாத மாப்ள,” என்றார் காதுக்காரர். “அவ சொல்லட்டும்.”